விஷமும் விவாகமும்

சில வருஷங்களுக்கு முன் ஸ்ட்ரிண்ட்பெர்க்கின் சிறுகதைகளில் மூன்று நான்கை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கினேன். எனக்கு ஸ்வீடிஷ் தெரியாது. இருந்தும், 'மூலத்தில் உள்ளது எதுவும் விட்டுப்போகவில்லை' என்று முன்னுரையில் தைரியமாக எழுதிவைத்தேன். அந்த ஒரு வாக்கியத்துக்காக இன்று வெட்கப்படுகிறேன். கதைகளுக்குள் போகுமுன்பே, தலைப்பிலேயே, ஒன்று விட்டுப்போயிருந்தது.

கிஃப்ட் என்ற ஆங்கிலச் சொல் நம்மில் எல்லோருக்கும் தெரியும். கல்யாண வீட்டில் நாம் கொடுத்துவிட்டு வரும் வெள்ளிக் கிண்ணம் கிஃப்ட். அதே நான்கு எழுத்துக்களை ஒரு ஜெர்மானியரிடம் எழுதிக் காட்டினால் அவர் விஷம் என்பார். ஸ்வீடன், நார்வே, டென்மார்க் மூன்று தேசங்களிலும் அந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு: ஒன்று விஷம், மற்றது, கல்யாணமான. ஸ்வீடன்காரர்கள் யிஃப்ட் என்று உச்சரிக்கிறார்கள். எழுதுவது அதே எழுத்துக்கள்தான். டச்சுக்காரர்கள் கெட்டிக்காரர்கள். நன்கொடை என்கிற அர்த்தத்துக்குக் கடைசி எழுத்தை வைத்துக்கொண்டு, விஷத்துக்கு அதை வெட்டிவிட்டார்கள்.

சம்பந்தமில்லாத சொற்கள் தற்செயலாக ஒரே உருவம் பெற்ற கதை அல்ல இது. எல்லாம் 'கொடு' என்கிற ஒரே வினையின் குழந்தைகள். பெண்ணைக் கொடுத்தது வடக்கே விவாகம் ஆயிற்று. பழைய ஆங்கிலத்திலும் இந்தச் சொல்லுக்குப் பெண்ணுக்காகக் கொடுக்கும் பணம் என்றுதான் அர்த்தம். வடக்கத்தியாரின் பாஷை கலந்த பிறகே அது பொதுவான அன்பளிப்பு ஆயிற்று. ஜெர்மனியில் வைத்தியன் கொடுத்தது விஷமாயிற்று. மருந்தின் அளவைக் கிரேக்கர்கள் 'டோஸிஸ்' என்றார்கள். அதற்கும் கொடுத்தல் என்றே பொருள். அது லத்தீன் வைத்திய நூல்கள் வழியாக வந்து சேர, ஜெர்மானியர்கள் தங்கள் சொல்லையும் அதே தினுசில் உபயோகித்தார்கள். விஷம் என்று வாய்விட்டுச் சொல்லக் கூசி, 'கொடுத்தது' என்று நாசூக்காகச் சொன்னார்கள் போலிருக்கிறது. நாளடைவில் நாசூக்கே பெயராகி நின்றுவிட்டது. ஆனால் பழைய அர்த்தம் அடியோடு சாகவில்லை. சீதனத்துக்கு ஜெர்மன் பாஷையில் இன்றும் 'மிட்கிஃப்ட்' என்றுதான் பெயர்.

பிரெஞ்சு அறிஞர் மார்ஸெல் மோஸ் 1924ல் இந்தச் சொல்லைப் பற்றியே ஒரு சிறு கட்டுரை எழுதினார். பரிசு வாங்கியவனைக் கட்டிப்போடுகிறது, ஆகவே ஆபத்து அதன் கூடவே வருகிறது என்பது அவர் கட்சி. ஆழமான யோசனைதான். ஆனாலும் எனக்கு வைத்தியன் கதைதான் பொருத்தமாகப் படுகிறது. நம் கிராமங்களில் 'மருந்து வைத்துவிட்டார்கள்' என்றால் யாரும் வைத்தியரை நினைப்பதில்லை. பெண்ணை 'இன்ன ஊரில் கொடுத்திருக்கிறோம்' என்பதும் நம் பேச்சுத்தான். ஆங்கிலேயரைவிட நமக்கு இந்தச் சொல்லின் சரித்திரம் சுலபமாகப் புரியும்.

இனி இலக்கியத்துக்கு வருகிறேன். அடுத்தடுத்த வருஷங்களில் இரண்டு புத்தகங்கள் இந்தச் சொல்லைத் தலையில் தாங்கி வந்தன. நார்வே நாவலாசிரியர் அலெக்ஸாண்டர் கீல்லாண்டின் 'கிஃப்ட்' 1883ல் வந்தது. ஆங்கிலத்தில் 'விஷம்' என்று மொழிபெயர்த்தால் துப்பறியும் நாவல் என்று நினைத்துவிடுவோம். இதில் விஷம், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் புகட்டப்படும் லத்தீன். மரியுஸ் என்ற சிறு பையன், ஜுரவேகத்தில் வட்டமான மேஜைக்கு லத்தீனில் என்ன சொல் என்று பிதற்றிக்கொண்டே செத்துப்போகிறான். அந்தச் சொல்லுக்கு விஷம் என்ற அர்த்தத்தைக் கொண்டுவந்து சேர்த்ததே லத்தீன்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் தலைப்பு இன்னும் கசக்கிறது. கீல்லாண்ட் அதை நினைத்தாரோ இல்லையோ, பாஷை அவருக்காக நினைத்து வைத்திருந்தது.

ஸ்ட்ரிண்ட்பெர்க்கின் 'யிஃப்டாஸ்' 1884ல் வந்தது. கல்யாணம் செய்துகொள்ளுதல் என்று அர்த்தம். இப்ஸன் 1879ல் எழுதிய 'பொம்மை வீட்டு'க்குப் பதில் சொல்வதுபோல, அதே பெயரில் ஒரு கதையும் இதில் உண்டு. வேறொரு கதையில் தேவநிந்தனை செய்துவிட்டார் என்று வழக்குத் தொடர்ந்தார்கள். வெளிநாட்டிலிருந்த ஆசிரியர் ஸ்டாக்ஹோமுக்கு வந்து கூண்டில் நின்று, அதே வருஷம் விடுதலையானார். தலைப்பைப் பார்க்கும் ஸ்வீடன் வாசகனுக்குக் கல்யாணத்தின் பின்னால் விஷத்தின் நிழலும் தெரியும். ஆங்கிலத் தலைப்பில் நிழல் இல்லை. என் தமிழிலும் இல்லை.

ஆனால் விமரிசகன் இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். இந்தச் சிலேடை ஸ்வீடனில் பழகிப் புளித்துப்போன வேடிக்கை. ஒரு பாஷையின் வேடிக்கையை ஒரு ஆசிரியனின் மேதையாக நினைத்துவிடக் கூடாது. இந்தத் தொகுதியில் அன்பான தம்பதிகளும் இருக்கிறார்கள். 'காதலும் தானியமும்' என்ற கதையில் ஒரு சின்னக் குமாஸ்தா கடன் வாங்கிக் குடித்தனம் நடத்துகிறான். கடன் முற்றியதும் மாமனார் வந்து பெண்ணையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு போய்விடுகிறார். அன்பில் குறைவில்லை, சம்பளம்தான் போதவில்லை. கொடுத்தவரே திரும்ப எடுத்துக்கொண்டு போகிறார். சொல்லின் வேர் இந்த இடத்தில் கதைக்குள்ளேயே வந்துவிடுகிறது. அதற்கு ஸ்வீடிஷ் தெரிந்திருக்க வேண்டியதில்லை; பெண்ணைக் கொடுத்த தகப்பனாராக இருந்தால் போதும்.

தலைப்பில் போனது கதையில் ஓரளவு திரும்பக் கிடைக்கிறது என்று இதை எடுத்துக்கொள்கிறேன். நல்ல எழுத்து ஒரு சொல்லை மட்டும் நம்பி நிற்பதில்லை. ஆங்கிலம் வழியாக ஐரோப்பாவைப் படிக்கும் நமக்கு அது ஒரு ஆறுதல். அந்த ஆறுதலை வைத்துக்கொண்டு வாசகரை ஏமாற்றக் கூடாது. என் சிறு புத்தகத்துக்கு இரண்டாம் பதிப்பு வருமானால் தலைப்பை மாற்றமாட்டேன்; மாற்ற எனக்குத் தமிழில் சொல் கிடைக்கவில்லை. முன்னுரையில் அந்த வாக்கியத்தை மட்டும் எடுத்துவிடுவேன்.