மின்னொளிக் களமும் மேலாண்மைப் பட்டமும்

களத்தைச் சுற்றி நடக்கும் வேலைகளுக்கான படிப்பு, விளையாட்டு மேலாண்மை. போட்டி நடத்துதல், மைதானப் பராமரிப்பு, விளம்பரதாரர் தேடல், டிக்கெட் விற்பனை, வீரர் ஒப்பந்தம், கூட்டக் கட்டுப்பாடு, வரவு செலவுக் கணக்கு ஆகியவை இதன் பாடங்கள். இதற்கான முதல் முதுகலைப் பட்டப்படிப்பு 1966-இல் அமெரிக்காவின் ஒஹையோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. தொழில்முறை விளையாட்டை நடத்த ஆள் எங்கே பயிற்றுவிக்கப்படுகிறார்கள் என்று புரூக்ளின் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியின் உரிமையாளர் வால்டர் ஓமாலி, பேராசிரியர் ஜேம்ஸ் மேசனிடம் எழுப்பிய கேள்விதான் அதற்கு வித்து. அணி முதலாளியின் தேவையிலிருந்து பிறந்த படிப்பு இது. அந்தப் பிறவிக்குணம் இன்றும் இதை விட்டுப் போகவில்லை.

தமிழ்நாட்டில் உடற்கல்விப் படிப்புக்கு நூறாண்டுப் பழமை உண்டு. ஹாரி குரோ பக் 1920-இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி அதன் தொடக்கம். மேலாண்மை பின்னால் வந்தது. 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம், வண்டலூரை அடுத்த மேலக்கோட்டையூரில் விளையாட்டு மேலாண்மையில் எம்.பி.ஏ. நடத்துகிறது. தென்காசி மாவட்டத்தின் சுரண்டை காமராஜர் அரசு கலைக் கல்லூரியில் பட்டம் முடிக்கும் மாணவருக்கு உடற்கல்வி படிக்கத் திருநெல்வேலியும் திருச்செந்தூரும் எட்டும் தூரம். மேலாண்மை படிக்க வேண்டுமென்றால் ஏறத்தாழ 600 கிலோமீட்டர் கடந்து மேலக்கோட்டையூர் போக வேண்டும். இல்லையென்றால் புனேயின் சிம்பயாசிஸ், கொல்கத்தாவின் ஐ.ஐ.எஸ்.டபிள்யூ.பி.எம். போன்ற வெளிமாநில நிறுவனங்களை நாட வேண்டும்.

இந்தப் படிப்பின் தேவையை உணரச் சென்னைக்கோ மும்பைக்கோ போக வேண்டியதில்லை. சுரண்டை வட்டாரம் உட்படத் தென் மாவட்டங்களில் கோயில் கொடையையோ பொங்கலையோ ஒட்டி நடக்கும் மின்னொளி கபடிப் போட்டி ஒன்றே போதும். விழாக் கமிட்டி அணிகளுக்கு நோட்டீஸ் அனுப்புகிறது, நுழைவுக் கட்டணம் வாங்குகிறது. முதல் பரிசுக்கு ஒருவர், சுழற்கோப்பைக்கு ஒருவர் என்று உபயதாரர் பிடிக்கிறது. போலீஸ் அனுமதி, நடுவர், ஜெனரேட்டர், வெளியூர் அணிகளுக்குச் சாப்பாடு, விடிய விடிய மைக் எல்லாம் அதன் பொறுப்பு. பல்கலைக்கழகம் நிகழ்ச்சி மேலாண்மை என்று பெயரிட்டுப் பல தாள்களாகப் பிரித்து நடத்துவதில் பெரும்பகுதி இதற்குள் அடங்கிவிடும். சம்பளம் மட்டும் கிடையாது.

ஆனால் அந்தக் கைப்பழக்கத்துக்குத் தெரியாதவையும் உண்டு. காயம்பட்ட வீரருக்குக் காப்பீடு, மின் இணைப்பின் பாதுகாப்பு, எழுத்தில் உள்ள ஒப்பந்தம், தணிக்கைக்கு நிற்கும் கணக்கு ஆகியவை பெரும்பாலும் நம்பிக்கையின் பேரிலேயே ஓடுகின்றன. 2021 மார்ச்சில் தெலங்கானாவின் சூர்யாபேட்டையில், தேசிய ஜூனியர் கபடிப் போட்டி தொடங்கும் நேரத்தில் தற்காலிக கேலரி சரிந்து நூறு பேருக்கு மேல் காயமடைந்தனர். பணமும் நிபுணரும் நிறைந்த இடத்திலும் இது நேரும்: 2025 ஜூன் 4-இல் பெங்களூரு சின்னசாமி மைதானத்தின் வெளியே, ஐ.பி.எல். வெற்றிக் கொண்டாட்டத்துக்குத் திரண்ட நெரிசலில் 11 பேர் இறந்தனர். எத்தனை பேர் வருவார்கள், எந்த வாயில் வழியாக நுழைவார்கள், எப்படி வெளியேறுவார்கள் என்று முன்கூட்டிக் கணக்கிடுவது இந்தப் படிப்பின் ஆகப் பயனுள்ள பகுதி. பாடத்திட்டங்களில் விளம்பரமும் ஸ்பான்சரும் பெறும் இடத்தை இது பெறாதது விந்தை.

திட்டமிடல் என்ன செய்யும் என்பதற்கு நல்ல சான்று மாமல்லபுரம். ரஷ்யாவிடமிருந்து கைமாறிய 44-ஆவது செஸ் ஒலிம்பியாட், 2022 ஜூலை 28-இல் சென்னையில் தொடக்க விழா கண்டு மாமல்லபுரத்தில் நடந்தது. ஆயத்தத்துக்குக் கிடைத்தது நான்கு மாதமே. அங்கே உழைத்தது பெரும்பாலும் அரசு இயந்திரம், மேலாண்மைப் பட்டதாரிகள் அல்லர் என்று வாதிடலாம். வாதம் சரிதான். ஆனால் ஒலிம்பியாட் வந்தால் அரசு இறங்கும், ஊர்க் கபடிக்கு இறங்காது. பயிற்சி பெற்றவர் அதிகம் தேவைப்படுவது அங்கேதான்.

இந்தப் படிப்பின் குறைகளில் முதன்மையானது, அது எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது என்பது. 2023 முதல் 2027 வரையிலான ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமை ரூ.48,390 கோடிக்கு விற்றது. இத்தகைய எண்ணை வைத்துப் பாடம் நடத்துவது எளிது, கேட்கவும் கவர்ச்சி. மான்செஸ்டர் யுனைடெட்டின் வருவாய் மாதிரியை விளக்கத் தெரிந்த மாணவருக்கு, பூட்டிக் கிடக்கும் பள்ளி மைதானத்தை மாலையில் ஊர்ப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட யாரிடம் மனு கொடுப்பது, சேதத்துக்கு யார் பொறுப்பேற்பது என்று தெரியாவிட்டால் அந்தப் படிப்பு பாதிதான்.

இரண்டாவது குறை வேலை. அரசுப் பள்ளி உடற்கல்வி ஆசிரியராக உடற்கல்வித் தகுதி வேண்டும். கல்லூரி உடற்கல்வி இயக்குநராக அத்துறையில் முதுகலையும் அதற்கு மேற்பட்ட தகுதியும் வேண்டும். விளையாட்டு மேலாண்மை எம்.பி.ஏ. மட்டும் வைத்திருப்பவருக்கு இந்த இரண்டு கதவுகளும் திறக்காது. அரசுப் பணியின் 3 விழுக்காடு விளையாட்டு ஒதுக்கீடு சாதித்த வீரர்களுக்கானது, மேலாளர்களுக்கு அல்ல. 1992 முதல் இயங்கும் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் மாவட்ட அலுவலர் பணி, மாவட்டத்துக்கு ஒன்று என்ற அளவில் நின்றுவிடுகிறது. மாவட்டச் சங்கங்களின் செயலாளர்கள் பெரும்பாலும் கௌரவப் பதவியினர். சம்பளம் வாங்காதவர் சம்பளத்துக்கு ஆள் வைப்பது அரிது. மிஞ்சுவது தனியார் லீக்குகளும் நிகழ்ச்சி நிறுவனங்களும். 2016-இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக் (டி.என்.பி.எல்.) கிரிக்கெட், ஆண்டுக்குச் சில வாரங்களே நடக்கும் போட்டி. சீசன் முடிந்ததும் ஒப்பந்தமும் முடியும் இத்தகைய வேலைக்குச் சென்னை வாடகை கொடுத்துக் காத்திருக்க எல்லாக் குடும்பத்தாலும் முடியாது.

2025-இல் நிறைவேறிய தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம் சிறிது நம்பிக்கை தருகிறது. தேசிய விளையாட்டு வாரியத்தையும் வழக்குகளுக்கான தீர்ப்பாயத்தையும் அது ஏற்படுத்துகிறது. சங்கங்கள் விதிப்படி நடந்தாக வேண்டிய நிலை வந்தால், விதியும் கணக்கும் தெரிந்தவருக்குக் கிராக்கி வரும். ஆனால் அது தேசிய, மாநில மட்டத்திலிருந்து மாவட்டத்துக்கு இறங்கக் காலம் பிடிக்கும்.

இன்றைய நிலையில் இந்தப் பட்டம் ஒற்றையாக நிற்கும்போது வலுவற்றது, மற்றொன்றின் மேல் ஏறும்போது வலுவானது. பி.பி.எட். முடித்தவர், மாநில அளவில் ஆடியவர், பி.காம். படித்துக் கணக்கில் தேர்ந்தவர் ஆகியோருக்கு இது கூடுதல் கை. கிரிக்கெட் ரசிகர் என்ற ஒரே காரணத்துக்காகச் சேர்பவருக்கு ஏமாற்றமே அதிகம். பல்கலைக்கழகத் தரப்பில் செய்யத்தக்கது பெரிய செலவு பிடிப்பதல்ல: களப்பயிற்சியில் ஒரு பருவத்தையாவது லீக் அலுவலகத்திலிருந்து மாற்றி, மாவட்ட மைதானத்திலோ முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளிலோ ஊர்க் கமிட்டியிலோ வைக்கலாம். தென்காசி மாவட்டத்தில் அப்படி ஒரு மாணவர் கேலரியின் தாங்குதிறனைச் சோதித்து, வரவு செலவை எழுதி, காப்பீட்டுப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் கமிட்டிக்கும் பயன், அவருக்கும் தேர்வுத்தாளில் கிடைக்காத பயிற்சி.