சும்மா இருப்பவருக்கும் பெயர் தெரிய வேண்டும்

மசானபு ஃபுகுவோகாவின் ‘ஒற்றை வைக்கோல் புரட்சி’க்கு ஐ.டி. வட்டாரத்தில் ஒரு தனி இடம் உண்டு. வேலையை விட்டுவிட்டு ஊர்ப்பக்கம் இரண்டு ஏக்கர் வாங்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால், கொஞ்ச நாளில் அவர் மேசை மேல் இந்தப் புத்தகம் இருக்கும். 1975இல் ஜப்பானிய மொழியில் வந்தது, 1978இல் ஆங்கிலத்துக்குப் போனது, பிறகு தமிழுக்கும் வந்தது. சின்னப் புத்தகம்தான், இரண்டு ராத்திரியில் படித்துவிடலாம். படித்து முடித்தவர்கள் அதை இப்படித்தான் சுருக்கிச் சொல்கிறார்கள்: உழாதே, உரம் போடாதே, களை எடுக்காதே, மருந்து அடிக்காதே, மீதியை இயற்கை பார்த்துக்கொள்ளும்.

எனக்கும் பிடித்த புத்தகம்தான். ஆனால் ஒவ்வொரு முறை படிக்கும்போதும் அதற்குள் இரண்டு பேர் எழுதுவதுபோலத் தோன்றுகிறது. ஒருவர் ஞானி. மனிதனுக்கு எதுவுமே தெரியாது, பிரித்துப் பிரித்து அறிகிற அறிவு பயனற்றது என்கிறார். இன்னொருவர் வயலில் குத்தவைத்துப் பூச்சியைப் பார்க்கிற விவசாயி. ஞானியைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். புத்தகத்தின் நல்ல பக்கங்களை எழுதியதோ இரண்டாமவர். அந்தப் பக்கங்கள் ஞானி சொல்வதை மறுக்கின்றன.

சிலந்திப் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். இலையுதிர் காலத்தில் வயல் முழுக்கச் சிலந்தி இழைகள் பட்டுப்போல மின்னுவதை ஃபுகுவோகா எழுதுகிறார். குட்டிச் சிலந்திகள் இழையைப் பிடித்துக்கொண்டு காற்றில் மிதந்து போகின்றன. யார் படித்தாலும் ஒரு நிமிடம் நின்றுவிடுகிற இடம். பிறகு ஒரு தகவல் வருகிறது. ஒருமுறை அடுப்புச் சாம்பலை வயலில் தூவினாராம். இரண்டு மூன்று நாளில் சிலந்திகளையே காணோம். சாம்பல் பட்டு இழைகள் அறுந்துபோயிருக்கின்றன. விஷமே இல்லாத சாம்பல், அதுவும் இயற்கைப் பொருள், ஆனாலும் தத்துப்பூச்சியைத் தின்கிற காவல்காரன் போய்விட்டான்.

எதுவும் அறிய முடியாது என்று நினைக்கிறவர் இதை எழுதியிருக்க முடியாது. எந்த உயிர் எங்கே இருந்தது, எந்த நாளில் இல்லாமல் போனது, இடையில் தான் என்ன செய்தோம் என்று கணக்கு வைத்திருந்தால்தான் இந்தப் பத்தி வரும். எங்கள் தொழிலில் இதற்கு லாக் பார்ப்பது என்று பெயர்.

அப்பாவின் ஆரஞ்சுத் தோப்புக் கதையும் அப்படித்தான். ஊர் திரும்பிய புதிதில், கவாத்து செய்யாமல் மரங்களை அப்படியே விட்டுவிடுகிறார். கிளைகள் பின்னிக்கொள்கின்றன, பூச்சி ஏறுகிறது, தோப்பு காய்கிறது. கைவிடுவது வேறு, இயற்கை வேளாண்மை வேறு என்று அவரே எழுதுகிறார். பின்னால், செதில் பூச்சிகளைப் பற்றிச் சொல்லும்போது வகை வகையாகப் பேசுகிறார். சிலவற்றுக்கு இயற்கை எதிரிகள் வந்துவிட்டன, ஒன்றும் செய்ய வேண்டாம் என்கிறார். தேவைப்பட்டால் நடுக்கோடையில் எந்திர எண்ணெயை 200 முதல் 400 மடங்கு நீர்த்து லேசாகத் தெளிக்கலாம் என்கிறார். அதற்கு முன்னால் பாஸ்பரஸ் வகை மருந்து அடித்திருந்தால் இது பலிக்காது, எதிரிப் பூச்சிகளும் செத்திருக்கும் என்று எச்சரிக்கவும் செய்கிறார். நெல்லிலும் இதே கதை. அறுவடைக்கு முன்பே நிற்கிற பயிருக்குள் வெள்ளை கிளோவர் விதைப்பது, மழைக்காலத்தில் ஒரு வாரம் தண்ணீர் கட்டிக் களையையும் கிளோவரையும் தளர வைப்பது எல்லாம் ஒவ்வொரு செடியின் குணமும் தெரிந்தவர் போட்ட அட்டவணை. ‘ஒன்றும் செய்யாத வேளாண்மை’ என்ற பெயரை நம்பி இதற்குள் போகிறவர் ஏமாந்துபோவார்.

தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு கூடுதல் சிக்கல் இருக்கிறது. ‘ஒன்றும் செய்யாமை’ என்றதும் நம் காதில் ‘சும்மா இருத்தல்’ என்று விழுகிறது. தாயுமானவரும் சித்தர்களும் பழக்கிவிட்ட சொல். அதனால் நெல் வயலைப் பற்றிய ஒரு யோசனை நமக்கு உடனே ஆன்மீகமாகிவிடுகிறது. ஆனால் ஃபுகுவோகா சும்மா இருக்கக் கற்றுக்கொண்டது எங்கே என்று பார்க்க வேண்டும். அவர் தாவர நோயியல் படித்தவர். யோகோஹாமா துறைமுகச் சுங்கத்தில் வந்திறங்கும், போகும் செடிகளைப் பூச்சிக்கும் நோய்க்கும் சோதிக்கிற பிரிவில் வேலை பார்த்தவர். மீதி நேரமெல்லாம் நுண்ணோக்கிதான். இருபத்தைந்து வயதில் கடுமையான நிமோனியா வந்தது. பிழைத்து வந்தபின் ஒரு விடியலில் எல்லாம் அர்த்தமற்றது என்று தோன்ற, வேலையை விட்டார். நம்ம நம்மாழ்வாரும் வேளாண்மை படித்து, கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்து, பிறகு வெளியே வந்தவர்தான். இருவருமே பெயர்களைக் கற்றபின் அவற்றைக் கீழே வைத்தவர்கள். புத்தகத்தைப் படித்துவிட்டு நிலம் வாங்குகிற என் நண்பர்கள் அவற்றைக் கையில் எடுத்ததே இல்லை.

இப்போது ஞானி வழுக்குகிற இடம். ஜப்பானில் பைன் மரங்கள் கூட்டம் கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்ததைப் பற்றிப் புத்தகத்தில் ஒரு பகுதி வருகிறது. வண்டு பரப்பும் நூற்புழுதான் காரணம் என்று சொல்லி அரசாங்கம் ஹெலிகாப்டரில் மருந்து தெளிக்கிறது. ஃபுகுவோகா கேள்வி மேல் கேள்வி அடுக்குகிறார். நூற்புழு மரத்துக்குள் இருக்கும் பூஞ்சையைத் தின்கிறதே, அப்படியானால் பூஞ்சை முதலில் வந்ததா, புழு முதலில் வந்ததா? பூஞ்சை ஏன் பெருகியது? கடைசிக் காரணம் யாருக்குத் தெரியும்? படிக்கும்போது தலையாட்டத்தான் தோன்றும். ஹெலிகாப்டர் மருந்தை அவர் எதிர்த்ததும் நியாயம்தான்.

ஆனால் நூற்புழு பைன் மரத்தைக் கொல்கிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் சோதனை செய்து காட்டியது 1971இல். அப்போது அதைப் புதிய இனம் என்று நினைத்து ஒரு பெயர் வைத்தார்கள். 1981இல்தான் அந்தப் புழுவும், அமெரிக்காவில் 1934லேயே விவரிக்கப்பட்ட இன்னொரு புழுவும் ஒன்றே என்று நிலைநாட்டப்பட்டது. அதோடு மொத்தக் கதையும் மாறியது. வட அமெரிக்கப் பைன்கள் பெரும்பாலும் அந்தப் புழுவோடு பழகியவை, தாங்கும். ஜப்பானின் சிவப்புப் பைனும் கறுப்புப் பைனும் அதைப் பார்த்ததே இல்லை, சாகும். புழு கடல் தாண்டி வந்த விருந்தாளி.

1975இல் எழுதியவருக்கு 1981 எப்படித் தெரியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, தெரியாததற்காக நான் அவரைக் குறை சொல்லவில்லை. இன்னும் தெரியவில்லை என்பதிலிருந்து தெரியவே தெரியாது என்பதற்கு அவர் ஒரே தாவலாகத் தாவுவதுதான் எனக்குச் சிக்கல். அதுவும், கப்பலில் எந்தப் பூச்சி வருகிறது என்று சோதித்த அதே மனிதர், இந்தப் புழு எங்கிருந்து வந்தது என்ற ஒரு கேள்வியை மட்டும் கேட்கவில்லை. இயற்கைச் சமநிலை என்பது நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்த உயிர்களுக்கு இடையிலான ஏற்பாடு. நேற்று இறங்கிய ஆளுக்கு அந்த ஏற்பாட்டில் இடம் கிடையாது.

அப்படி இறங்கிய ஒன்றின் கதை மரவள்ளி மாவுப்பூச்சி. மரவள்ளியே தென்னமெரிக்காவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போன பயிர். 1970களின் தொடக்கத்தில் காங்கோ பக்கம் அதில் ஒரு வெள்ளைப் பூச்சி தோன்றி, நாடு நாடாகப் பரவியது. மோசமான வயல்களில் விளைச்சலில் எண்பது சதவீதம்வரை போனது. 1977இல் அதற்குப் பீனகாக்கஸ் மேனிஹோட்டி என்று பெயர் வைத்தார்கள். தாயகத்தில் இதைக் கட்டுக்குள் வைத்திருக்கும் எதிரி இருக்க வேண்டும் என்று தேடிப் போனார்கள். தென்னமெரிக்காவின் வடக்குப் பகுதியில், மரவள்ளியிலேயே, அச்சு அசல் அதே மாதிரி ஒரு மாவுப்பூச்சி கிடைத்தது. அதன் எதிரிகளைக் கொண்டுவந்தால் அவை ஆப்பிரிக்கப் பூச்சியைத் தொடவில்லை. கூர்ந்து பார்த்தால் அது வேறு இனம். அதில் ஆணும் உண்டு, ஆப்பிரிக்காவில் இருந்ததோ பெண் மட்டுமே உள்ள, தானாகப் பெருகுகிற இனம். அந்த இன்னொன்றுக்குப் பீனகாக்கஸ் ஹெரெனி என்று பெயராயிற்று. தேடல் தெற்கே நகர்ந்தது. 1981இல் ஆண்டனி பெல்லோட்டி பராகுவேயில் அசல் பூச்சியைக் கண்டுபிடித்தார். அதன் உடலுக்குள் முட்டையிடும் அனகைரஸ் லோபெசி என்ற துளியூண்டு குளவி தனிமைச் சோதனை முடிந்து நைஜீரியாவில் விடப்பட்டது. குளவி தானாகப் பரவி, பல நாடுகளில் மாவுப்பூச்சியை அடக்கியது. திட்டத்தை நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. விவசாயி மருந்து அடிக்கவில்லை, காசு செலவழிக்கவில்லை. உண்மையிலேயே சும்மா இருந்தார். அதற்கு முன்னால் ஒருவர் இரண்டு பூச்சிகளை வேறு வேறு என்று பிரித்திருக்க வேண்டியிருந்தது.

இதே பூச்சி 2020இல் கேரளத்தில் தென்பட்டு, சேலம், நாமக்கல் குச்சிக்கிழங்குக் காடுகளுக்கும் வந்தது. இங்கே ஏற்கெனவே 2008 வாக்கில் கோவையில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி இருந்தது. அதுவும் மரவள்ளியில் ஏறும். இரண்டும் வெள்ளைப் பஞ்சுபோலத்தான் தெரியும், வாயில் வருவதும் ‘மாவுப்பூச்சி’ என்ற ஒரே சொல்தான். ஆனால் பப்பாளிப் பூச்சியின் உடல் மஞ்சள், ஆல்கஹாலில் போட்டு வைத்தால் கருநீலமாகும். மரவள்ளிப் பூச்சியோ இளஞ்சிவப்பு, அது ஏறினால் குருத்து சுருண்டு கொத்தாகிவிடும். முதலாவதற்கு 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த குளவி இரண்டாவதற்கு உதவாது. அதனால் லோபெசிக் குளவியைப் பெனினிலிருந்து தருவித்து, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். ‘இயற்கை பார்த்துக்கொள்ளும்’ என்று காத்திருந்தால் அந்தக் குளவி தானாகக் கடல் தாண்டி வந்திருக்காது.

இதைச் சொல்வதால் மருந்துக்கடைப் பக்கம் நான் சாய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். “பூச்சி விழுந்திருக்கு” என்றதும் எந்தப் பூச்சி என்று கேட்காமல் ஒரு டப்பாவை எடுத்து நீட்டுகிறவருக்கும் பெயர் தேவைப்படவில்லை. அந்த மருந்தின் பெரும்பகுதி மாவுப்பூச்சியின் மெழுகுப் பூச்சில் வழிந்துவிடும், குளவிதான் முதலில் சாகும். எல்லாவற்றையும் கொல் என்பதும் எல்லாவற்றையும் விடு என்பதும் எதிரெதிராகத் தெரிந்தாலும், இரண்டுக்குமே எதிரில் இருப்பது எந்த உயிர் என்ற கேள்வி வேண்டியதில்லை. ஃபுகுவோகா முதலாவதை உலகத்திலேயே அழகாக மறுத்தவர்களில் ஒருவர். இரண்டாவதற்குத் தன் பெயரைக் கொடுத்துவிட்டது அவருடைய தத்துவ அத்தியாயங்கள்தான்.

நெல் தண்டைச் சுற்றி நிற்கும் நிபுணர்களை அவர் கிண்டல் செய்கிற இடம் ஒன்று உண்டு. பூச்சிக்காரருக்குப் பூச்சி மட்டும் தெரிகிறது, உரக்காரருக்குச் சத்து மட்டும் தெரிகிறது. கிண்டல் சரிதான். ஆனால் அந்தப் பூச்சிக்காரரை அனுப்பிவிட்டால் முழுமை தானாகத் தெரிந்துவிடாது. ஒன்றும் தெரியாத ஒருவர் நெல்லைப் பார்த்துக்கொண்டு நிற்பார், அவ்வளவுதான்.

நிலம் வாங்கப் போகிற நண்பர்களுக்கு இந்தப் புத்தகத்தை இன்னும் நான் தருவேன். மனிதனுக்கு எதுவும் தெரியாது என்கிற பக்கங்களை அப்புறம் படிக்கச் சொல்வேன். முதலில் சாம்பல் தூவிய பக்கத்தையும் செதில் பூச்சிப் பக்கங்களையும் படிக்கட்டும், கூடவே ஒரு கைலென்ஸும் வாங்கிக்கொள்ளட்டும்.