டெம்பிள் ஆஃப் த டாக் (இசைத்தொகுப்பு)

டெம்பிள் ஆஃப் த டாக், அமெரிக்காவின் சியாட்டில் நகர ராக் கலைஞர்கள் தங்கள் குழுக்களுக்கு வெளியே ஒன்றுகூடி உருவாக்கிய இசைத்தொகுப்பு ஆகும். 1991 ஏப்ரலில் வெளிவந்தது. அப்பெயர் கொண்ட குழுவின் முதல் தொகுப்பும் ஒரே தொகுப்பும் இதுவே.

உருவாக்கம்

மதர் லவ் போன் குழுவின் பாடகர் ஆண்ட்ரூ வுட் 1990 மார்ச்சில், 24 வயதில், ஹெராயின் போதையால் இறந்தார். அவருடன் ஒரே வீட்டில் வசித்திருந்த சவுண்ட்கார்டன் பாடகர் கிரிஸ் கார்னெல், அத்துயரில் இரு பாடல்களை எழுதினார். அவை தம் குழுவின் பாணிக்குப் பொருந்தாததால், வுட்டின் குழுவினரான ஸ்டோன் கோசார்ட், ஜெஃப் அமென்ட் இருவரையும் அழைத்தார். மைக் மெக்ரெடி, மாட் கேமரன் ஆகியோரும் இணைந்தனர். லண்டன் பிரிட்ஜ் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஏறத்தாழ 15 நாட்களில் பதிவு முடிந்தது.

மதிப்பீடு

அஞ்சலித் தொகுப்பு எனப்பட்டாலும், பத்துப் பாடல்களில் வுட்டுக்காகவே எழுதப்பட்டவை அவ்விரண்டுதான். 'சே ஹலோ டு ஹெவன்' கட்டுக்கோப்பானது. துயரம் அதில் அடங்கி ஒலிக்கிறது. 11 நிமிடம் நீளும் 'ரீச் டவுன்' பாடலில் கிட்டார் வாசிப்பு அளவுமீறுகிறது.

தொகுப்பின் உச்சம் 'ஹங்கர் ஸ்ட்ரைக்'. ஒத்திகையில் அதன் தாழ்ந்த குரல்பகுதி கார்னெலுக்குச் சரியாக அமையவில்லை. கோசார்ட்டும் அமென்ட்டும் தொடங்கிய புதுக்குழுவுக்குப் பாடகராக வந்திருந்த எடி வெட்டர், தாமாகவே முன்வந்து அதைப் பாடினார். அப்புதுக்குழுவே பின்னாளில் பெர்ல் ஜாம் ஆயிற்று. அது புகழ்பெற்ற பின்னரே, 1992இல், இத்தொகுப்பும் பெருமளவில் விற்றது.

இறந்தவரை நினைவுகூரும் தொகுப்பிலேயே, அவரை இழந்தவர்களின் அடுத்த குரலும் பதிவாகியுள்ளது. இதன் குறைகளை மறக்கச் செய்வது அதுவே.