மாவுச்சத்து வேறு, குளூட்டன் வேறு

குளூட்டன் இல்லாத சமையல் பற்றித் தேடிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் எலைன் காட்ஷால் எழுதிய 'பிரேக்கிங் த விஷியஸ் சைக்கிள்' புத்தகத்தில் போய் நிற்போம். எஸ்சிடி என்கிற உணவுமுறைக்கு இதுதான் கைநூல். அரிசி, கோதுமை, உருளைக்கிழங்கு, சர்க்கரை எதுவும் கூடாது. இதில் சமையலும் இருக்கு, மருத்துவ வாதமும் இருக்கு. இரண்டுக்கும் தனித்தனியாத்தான் மார்க் போடணும்.

முதலில் சமையல். ரொட்டியில் குளூட்டன் வலை மாதிரி வாயுவைப் பிடித்து வைக்கும். மாவுச்சத்து சூட்டில் தண்ணீரை உறிஞ்சி உருவத்தை நிறுத்தும். குளூட்டன் மட்டும் வேண்டாம் என்றால் நமக்கு இட்லி இருக்கு. மாவுச்சத்தும் கூடாது என்றால் இட்லியும் அவுட். காட்ஷால் அந்த இடத்தில் பாதாம் மாவையும் முட்டையையும் வைக்கிறார். பாதாமில் ஏறக்குறைய பாதி எடை கொழுப்பு, அது எதையும் கட்டிப் பிடிக்காது. முட்டைப் புரதம் வெந்து இறுகுவதுதான் அங்கே தூண். அதனால் கேக், மஃபின் நன்றாக வரும். பிய்த்தால் இழுபடுகிற ரொட்டி வராது. சர்க்கரைக்குப் பதில் தேன் போடுவதால் சீக்கிரம் கருகும், சூட்டைக் குறைக்கணும். இந்தப் பகுதிக்கு நல்ல மார்க்.

வாதம்தான் இடிக்குது. காட்ஷாலின் மகளுக்குப் பெருங்குடல் அழற்சி. அவளைக் குணப்படுத்தியவர் என்று அவர் நம்பியது டாக்டர் சிட்னி ஹாஸை. இந்த ஹாஸ் 1924-லேயே சீலியாக் குழந்தைகளுக்கு வாழைப்பழ உணவு கொடுத்துத் தேற்றியவர். மாவுச்சத்துதான் எதிரி என்று நினைத்தார். ஆனால் அந்த உணவில் கோதுமையும் இல்லையே! ஒரே நேரத்தில் பத்து வரியை மாத்திட்டு, பக் இந்த வரியாலதான் சரியாச்சுனு சொன்னா எங்க டீம்ல யாரும் ஒத்துக்க மாட்டாங்க. நெதர்லாந்து மருத்துவர் வில்லெம் டிக்கே 1950-இல் தன் ஆய்வேட்டில் கோதுமையைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். சீலியாக்கில் சிக்கல் குளூட்டன்தான்.

இது வெறும் வரலாற்றுச் சண்டை இல்லை. சிகிச்சை முடிந்தால் நோய் முழுக்கப் போய்விடும், பழையபடி சாப்பிடலாம் என்பது ஹாஸின் நிலை. காட்ஷால் அவர் பக்கம்தான் நிற்கிறார். இதை நம்பி ஒரு சீலியாக் நோயாளி மறுபடி சப்பாத்தியைத் தொட்டால், வெளியே ஒன்றும் தெரியாமலேயே சிறுகுடல் சேதமாகலாம்.

சரி, குரோன் நோய்க்காவது? அமெரிக்காவில் எஸ்சிடியையும் மத்திய தரைக்கடல் உணவுமுறையையும் நேருக்கு நேர் வைத்துச் சோதித்து 2021-இல் முடிவு வெளியிட்டார்கள். ஆறு வாரத்தில் அறிகுறிகள் அடங்கியவர்கள் எஸ்சிடியில் 46.5 சதவீதம், மற்றதில் 43.5 சதவீதம். பெரிய வித்தியாசமே இல்லை. ஆனால் மற்றதில் தானியம் சாப்பிடலாம். அப்படியிருக்க இவ்வளவு கட்டுப்பாடு எதுக்கு?

பாதாம் கேக்குக்காக இந்தப் புத்தகத்தை வைத்துக்கொள்ளுங்கள். சீலியாக் இருந்தால், மாவுச்சத்தை விடப் பெருங்காய டப்பாவைக் கவனிங்க. கூட்டுப் பெருங்காயத்தில் பல சமயம் கோதுமை மாவு கலந்திருக்கும்.