மதங்கசூளாமணி: ஒரு நோக்கு

தாம் கற்றுச் சுவைத்த நூலைப் பிறர்க்கு எடுத்துரைப்போர் பெரும்பாலும் புகழுரையோடு அமைவர். காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளார் அவ்வாறு செய்தாரல்லர். மதுரைத் தமிழ்ச்சங்க வாயிலாக 1926இல் வெளிவந்த மதங்கசூளாமணியிலே, சேக்சுபியரைச் 'செகசிற்பியார்' எனத் தமிழராக்கி, அவர்தம் பன்னிரு நாடகங்களின் கதைபொதிந்து, சிறந்த இடங்களை மொழிபெயர்த்துங் காட்டினார். ஆங்கிலமறியா மாணவனும் சுவைத்துத் தானே மதிப்பிடலாம். உரோமியோ இரம்மியனாகவும், யூலியற்று சுசீலையாகவும், மக்பெத்து மகபதியாகவும் வருகின்றனர். பெயர்கள் இனியனவே; எனினும் அவற்றைக் கொண்டு நூலகத்தில் மூலத்தைத் தேடுவான் இடர்ப்படுவான். செய்யுள் நடையோ இன்னுங் கடினம். வடமோடி, தென்மோடிக் கூத்துக்களைக் கண்டு வளர்ந்த மட்டக்களப்பு மாணவனுக்குக் கொலுவும் போரும் புதியனவல்ல, சொல்லே தடை. ஆசிரியரொருவர் மகபதிப் பகுதியை உரக்கப் படித்துக் காட்டின் அத்தடையிற் பாதி நீங்கும்.