ஒளியும் பொறுப்பும்

ஓர் ஆக்கத்தைத் திறனாயும்போது அதன் உள்ளடக்கம் எவர் நலனைச் சார்ந்தது என்று கேட்கப் பழகியுள்ளோம். அதன் உருவம் எவரைத் தாக்குகிறது என்று நாம் அதிகம் கேட்டதில்லை. கணனி படைக்கும் மெய்ந்நிகர் உலகங்கள் அக்கேள்வியை நம்முன் நிறுத்தியுள்ளன.

1997 டிசெம்பர் 16ஆம் நாள் யப்பானில் 'பொக்கிமொன்' சித்திரத் தொடரின் ஓர் அங்கம் ஒளிபரப்பாயிற்று. கணனியின் உள்ளுலகிற் புகுந்து போராடுவோரின் கதை அது. வெடிப்பொன்றைக் காட்டுதற்குச் சிவப்பும் நீலமும் விநாடிக்குச் சுமார் 12 முறை மாறி மாறிச் சிமிட்டின. சில விநாடிகளே அது நீடித்தது. எனினும் 600க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் சிறுவர், மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுட் பலர் அதற்கு முன் வலிப்பை அறியாதவர்கள்.

இதை வெறும் விபத்தென ஒதுக்குதல் இயலாது. 1993இல் பிரித்தானியாவில் ஒரு தொலைக்காட்சி விளம்பரம் சிலருக்கு வலிப்பை உண்டாக்கியதையடுத்து, ஒளிச்சிமிட்டலுக்கு அங்கு நெறிகள் வகுக்கப்பட்டிருந்தன. அறிவு இருந்தது; பண்டம் நாடு கடந்த வேகத்தில் அது நாடு கடக்கவில்லை.

2020 டிசெம்பரில் 'சைபர்பங்க் 2077' என்னும் போலந்து நாட்டுக் கணனி விளையாட்டு வெளிவந்தது. பிறர் அனுபவத்துள் நுழைய உதவும் தலைக்கருவி ஒன்று அதில் வருகிறது. அதனை அணியுங் காட்சியிற் சிவப்பும் வெள்ளையும் விரைந்து சிமிட்டின. வெளியீட்டுக்கு முன்னரே அதை ஆடிப்பார்த்த விமர்சகர் ஒருவர் வலிப்புக்குள்ளானார். எச்சரிக்கை இருந்ததா? இருந்தது, எவரும் வாசிக்காத உரிம ஒப்பந்தத்தினுள் இருந்தது. கண்டனம் எழுந்த சில நாட்களிலேயே சிமிட்டலின் வேகமும் வலிமையும் குறைக்கப்பட்டன. கதைக்கு அதனால் ஒரு குறையும் நேரவில்லை. ஆகவே, அச்சிமிட்டல் கலையின் தேவையன்று, கவனமின்மையின் விளைவே என்பது தெளிவு.

ஒளியால் வலிப்புக்குள்ளாவோர் ஏறத்தாழ 4000 பேரில் ஒருவர். சிறுவரும் இளைஞருமே அவர்களுள் மிகுதி. எண்ணிக்கை சிறிதென்று கூறி அவர்களை மறப்பது சந்தையின் கணக்கு, மனிதநேயத்தின் கணக்கன்று. தமது நிலையைத் தாமே அறியாத ஒருவருக்கு எச்சரிக்கை வாசகம் என்ன பயன் தரும்? தொலைக்காட்சியாயின் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். தலையில் அணியும் மெய்ந்நிகர்க் கருவியில் எப்பக்கம் திரும்பினும் அதே ஒளி; பார்வைப்புலம் முழுவதையும் அதுவே நிரப்புகிறது. கண்களை மூடினும் இமைகளை ஊடுருவும். பலர் ஒன்றுகூடும் மெய்ந்நிகர் அரங்கிலோ, வேறொருவர் ஏற்றும் விளக்கும் நம் கண்ணைத் தாக்கும்.

இணையத்தள அணுகல் நெறிகள் பொதுவாக விநாடிக்கு 3 சிமிட்டலுக்கு மேற்படலாகாது என்கின்றன. மெய்ந்நிகர் உலகின் ஒளிக்கும் அத்தகைய வரம்பு இயல்பாகவே அமைந்திருத்தல் வேண்டும். வேண்டுவோர் தேடி இயக்கும் சலுகையாக அது இருத்தல் போதாது. வெளியீட்டுக்கு முன் பரிசோதனை கட்டாயமாதல் வேண்டும். கலைஞனின் சுதந்திரம் பறிபோகிறது என்பர் சிலர். பார்ப்பவனை வீழ்த்தும் உரிமை எக்கலைஞனுக்கும் வழங்கப்பட்டதில்லை. இதனைச் சுட்டுவதும் விமர்சனத்தின் கடமையே என்பது நம் துணிபு.