தஞ்சாவூர் ரோட்டிலிருந்து ஒரு மேட்ச்சுக்கு

கல்லூரிக் கால்பந்து பார்க்கப் போவதில் பாதிச் சுகம் பஸ்ஸிலேயே கிடைத்துவிடும். திருச்சி தஞ்சாவூர் ரோட்டில், அரியமங்கலம் எஸ்.ஐ.டி. நிறுத்தத்தில் சத்திரம் பஸ் ஏறினால் பால்பண்ணை, காந்தி மார்க்கெட் என்று ஊர்ந்து போகும். மார்க்கெட்டில் வெங்காய வாசம் ஜன்னல் வழியே ஏறிக்கொள்ளும். பூட்ஸை லேஸால் முடிந்து தோளில் போட்ட பையன் யாராவது ஏறினால், ‘விங்கரா, ஸ்டாப்பரா?’ என்று மனசு அவன் கால்களைப் பார்த்துக் கணக்குப் போடும்.

சத்திரத்தில் இறங்கினால் செயின்ட் ஜோசப் கல்லூரி நடக்கிற தூரம்தான். 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி, 1883-இல் திருச்சிக்கு வந்த கல்லூரி.

அமெரிக்காவில் கல்லூரி ஃபுட்பால் (அது பந்தைக் கையில் ஏந்தி ஓடும் வேறு ஆட்டம்) பார்க்க மிச்சிகன் ஸ்டேடியத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். நமக்குச் சுண்ணாம்புக் கோட்டோரம் நிற்க இடம் இருந்தால் போதும். டிவியில் கேட்காததெல்லாம் அங்கே கேட்கும்: 400 கிராமுக்கு மேல் கனக்கும் பந்து நெஞ்சில் விழும் ‘தொப்’, கோல்கீப்பரின் ஓயாத அதட்டல், மூச்சிரைப்பு.

எனக்கு உயிர் கார்னர் கிக்தான். ஒருவன் முதல் கம்பத்தை நோக்கிப் பாய்ந்து டிஃபெண்டரை இழுத்துக்கொண்டு போவான். பந்து அவனுக்கு வராது; வரவும் வேண்டாம். அவன் விட்டுப்போன இடத்தில் இன்னொருவன் எழும்பி முட்டுவான். எல்லோரும் அவனுக்குக் கைதட்டுவார்கள். நான் முதலில் ஓடியவன் பெயரைப் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பேன்.